பாதி வேலை தடுப்பதுதான்: புழுவின் நரம்புச் செல்கள் உருவாகும் விதம்

கடலூரில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சி. எலிகன்ஸ் புழுவின் எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். அப்படியிருக்க, ஒரு நரம்புச் செல் தொடுகையை உணர்கிறது, இன்னொன்று உப்பை உணர்கிறது, மற்றொன்று தசையை அசைக்கிறது. எந்த மரபணு எந்தச் செல்லில் இயங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது எது? அந்த முடிவு ஒரே ஒரு முறை எடுக்கப்படுவதா? இது தொடர்பான செய்முறை ஏதாவது எங்கள் கல்லூரியிலேயே செய்ய முடியுமா?"

மூன்றாவது கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதல் இரண்டுக்கும் விடை சொல்ல, நீங்கள் பிளஸ் டூவில் படித்த லாக் ஓபரானிலிருந்து, அதாவது லாக்டோஸ் சர்க்கரையைப் பயன்படுத்த ஈ. கோலை பாக்டீரியா வைத்திருக்கும் மரபணுக் கூட்டத்திலிருந்து தொடங்கலாம். லாக்டோஸ் இல்லாதபோது அடக்கிப் புரதம் டி.என்.ஏ.வின் மேல் உட்கார்ந்து படியெடுத்தலை, அதாவது மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் பிரதி எடுப்பதைத் தடுக்கிறது; லாக்டோஸ் வந்ததும் விலகுகிறது. தேர்வு முடிந்த பிறகு பெரும்பாலோர் மனத்தில் தங்குவது 'மரபணு இயங்கத் தொடங்குகிறது' என்ற பாதி மட்டுமே. தடுப்பு என்ற பாதி மறந்துபோகிறது. புழுவின் நரம்பு மண்டலத்தைப் புரிந்துகொள்ள அந்த மறந்த பாதிதான் அதிகம் உதவும் என்பது பல ஆண்டுகளாகப் புதுச்சேரியில் இந்தப் பாடத்தை நடத்திவரும் என் கருத்து. 'நீ நரம்பாகு' என்று ஆணையிடும் தலைமை மரபணு ஒன்று இருப்பதுபோல் பல காணொளிகள் பேசுகின்றன. இந்தப் புழுவில் அப்படி ஒன்று கிடையாது.

புழுவைப் பற்றி நாலு வரி. நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், உடல் கண்ணாடிபோல் தெளிவு. சிட்னி பிரென்னர் 1960களில் கேம்பிரிட்ஜில் இதைத் தேர்ந்தெடுத்தார். 1974ல் இதன் மரபியலை வெளியிட்டார். ஜான் சல்ஸ்டனும் உடன் பணியாற்றியவர்களும் ஒற்றைக் கருமுட்டையிலிருந்து ஒவ்வொரு செல்லும் எந்தத் தாயிடமிருந்து, எத்தனையாவது பிரிவில் பிறக்கிறது என்பதை நுண்நோக்கியில் கண்ணால் பார்த்தே வரைந்து முடித்தார்கள். இருபால் புழுவில் 1,090 உடற்செல்கள் பிறக்கின்றன, 131 செல்கள் திட்டமிட்டபடி இறக்கின்றன, மிஞ்சுபவை 959. அவற்றில் 302 நரம்புச் செல்கள், 118 வகைகள். எந்தச் செல் எதனோடு இணைகிறது என்ற வரைபடம் 1986ல் வெளிவந்தது. 1998ல் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது: சுமார் பத்துக் கோடி காரங்கள், ஏறக்குறைய 20,000 மரபணுக்கள். பலசெல் உயிரிகளில் அதுவே முதல். ஆகவே மற்ற விலங்குகளில் 'ஒரு வகை நரம்புச் செல்' என்று மட்டுமே பேச முடிகிற இடத்தில், இங்கே ஒவ்வொரு செல்லையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிக்க முடியும்.

முதலில் தொடுகை. மெல்லிய தொடுகையை உணர்வதற்கென்று புழுவின் உடலில் ஆறே ஆறு செல்கள் இருக்கின்றன. சோதிக்கும் முறை எளிது. ஒரு புருவ முடியைப் பல் குத்தும் குச்சியின் நுனியில் ஒட்டி, புழுவின் தலைக்குச் சற்றுப் பின்னால் மெதுவாக வருட வேண்டும். இயல்பான புழு பின்வாங்கும். வால் பக்கம் வருடினால் முன்னால் ஓடும். மார்ட்டின் சால்ஃபி இந்த முடியை வைத்துக்கொண்டு, வருடினாலும் கண்டுகொள்ளாத சடுதிமாற்றப் புழுக்களைத் தேடிப் பிடித்தார். மெக் என்று தொடங்கும் பெயருள்ள மரபணுக்கள் அப்படிக் கிடைத்தவை.

அவற்றில் பல, தொடுகைக் கருவியின் பாகங்கள். மெக்-4 தரும் புரதம் செல் சவ்வில் அயனிகளை உள்ளே விடும் வாய்க்காலின் ஒரு பகுதி. மெக்-7, மெக்-12 இரண்டும் நுண்குழல்களைக் கட்டும் டியூபுலின் புரதங்களைத் தருகின்றன. புழுவின் மற்றச் செல்களில் பெரும்பாலும் ஒரு நுண்குழலுக்கு 11 இழைகள் இருக்கும்; இந்த ஆறு செல்களில் மட்டும் 15. மின்னணு நுண்நோக்கியில் குறுக்குவெட்டைப் பார்த்தாலே இது தொடுகைச் செல் என்று சொல்லிவிடலாம்.

மெக்-3 மட்டும் வேறு ரகம். அது எந்தக் கருவியின் பாகமும் அல்ல. மற்ற மரபணுக்களைப் படியெடுக்கச் செய்யும் படியெடுப்புக் காரணி. அது பழுதானால் அந்த ஆறு செல்களும் பிறக்கின்றன, உரிய இடத்திலேயே இருக்கின்றன, ஆனால் தொடுகைச் செல்களாக ஆவதில்லை. அதற்கும் ஒரு படி மேலே இருப்பது அன்க்-86. அது பழுதானால் அந்தச் செல்கள் பிறப்பதே இல்லை. அந்த வம்சாவளியில் மகள் செல் தன் வழியில் போவதற்குப் பதிலாகத் தாய் செய்த பிரிவையே திரும்பச் செய்துகொண்டிருக்கும்.

அன்க்-86 புரதம் முதலில் மெக்-3 மரபணுவை இயக்குகிறது. உருவான மெக்-3 புரதம் அன்க்-86 புரதத்தோடு சேர்ந்து ஜோடியாகிறது. அந்த ஜோடிதான் மெக்-4, மெக்-7 போன்ற மரபணுக்களின் முன்னியக்கிப் பகுதியில் (படியெடுத்தல் தொடங்கும் இடத்தை ஒட்டிய டி.என்.ஏ. பகுதி) உட்கார்ந்து அவற்றை இயக்குகிறது. கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு போட்டு, ஒரு சாவி அதிகாரியிடமும் இன்னொரு சாவி அறங்காவலரிடமும் இருப்பதுபோல. ஒருவர் மட்டும் வந்தால் உண்டியல் திறக்காது. இதே ஜோடி மெக்-3 மரபணுவின் முன்னியக்கியிலும் உட்காருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மெக்-3 தன்னைத்தானே தொடர்ந்து இயக்கிக்கொள்கிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை இதிலிருந்துதான் பிறக்கிறது.

இதுவரை பாடநூல் போக்கிலேயே போகிறது. கணக்கு இடிப்பது இனிமேல்தான். அன்க்-86 ஐம்பதுக்கும் மேற்பட்ட நரம்புச் செல்களில் இருக்கிறது. மெக்-3 பத்துச் செல்களில் இருக்கிறது. இரண்டு சாவியும் பத்துச் செல்களில் இருந்தால், தொடுகைச் செல்கள் பத்து அல்லவா இருக்க வேண்டும்? இருப்பதோ ஆறு. மீதி நான்கு எங்கே போயின?

இரண்டு செல்கள் தலைப்பக்கம் இருக்கும் எஃப்எல்பி ஜோடி. அவற்றில் இஜிஎல்-44, இஜிஎல்-46 என்ற இரண்டு காரணிகள் இருந்துகொண்டு தொடுகை மரபணுக்கள் இயங்காதபடி தடுக்கின்றன. அந்த இரண்டில் ஒன்றைப் பழுதாக்கினால் போதும், எஃப்எல்பி செல்கள் தொடுகைச் செல்களின் மரபணுக்களை இயக்கத் தொடங்கிவிடுகின்றன. யாரும் அவற்றுக்குப் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. தொடுகைச் செல்லாகும் தகுதி அவற்றில் ஏற்கெனவே இருந்தது. அதை ஒடுக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மற்ற இரண்டு செல்கள் பிவிடி ஜோடி. அங்கே மெக்-3 இருக்கிறது, ஆனால் குறைந்த அளவில். அந்த அளவு மெல்லிய தொடுகைக் கருவியைத் தருவதில்லை. உடல் முழுக்கக் கிளைவிட்டுப் பரவி, முரட்டுத் தொடுகையை உணரும் செல்லைத் தருகிறது. காரணி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மாணவர்கள் வரையும் அம்புக்குறிப் படங்களில் இந்த 'எவ்வளவு' எப்போதும் விடுபட்டுப்போகும்.

தடுப்பு எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு உப்புச் செல்களைப் பார்க்க வேண்டும். மரக்காணம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு உப்பு என்றால் ஒரே பொருள். புழு அதைச் சோடியம் வேறு, குளோரைடு வேறு என்று பிரித்து உணர்கிறது. தலையில் ஏஎஸ்இ என்ற ஜோடிச் செல்கள் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இருக்கின்றன. வடிவம் ஒன்றுதான், இணைப்புகளும் ஏறக்குறைய ஒன்றுதான். இடது செல் முக்கியமாகச் சோடியத்தை உணர்கிறது; வலது செல் குளோரைடையும் பொட்டாசியத்தையும். இரண்டையும் உப்புச் செல்லாக்குவது சிஎச்இ-1 என்ற ஒரே படியெடுப்புக் காரணி. உப்பை உணரத் தேவையான மரபணுக்களின் முன்னியக்கிகளில் ஒரே மாதிரியான ஒரு சிறு வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. சிஎச்இ-1 அந்த வரிசையில் போய் உட்காருகிறது. முதிர்ந்த நரம்புச் செல்லின் வகைக்கே உரிய குணங்களை நேரடியாக இயக்கும் இத்தகைய காரணிகளை 'இறுதித் தேர்விகள்' என்று ஆலிவர் ஹோபர்ட் 2008ல் வகைப்படுத்தினார். மெக்-3, அன்க்-86 ஜோடியும் அந்த வகைதான்.

இரண்டிலும் சிஎச்இ-1 இருந்தால் இடது வலது வேறுபாடு எங்கிருந்து வந்தது? 2003ல் விடை கிடைத்தது: எல்எஸ்ஒய்-6 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. இது புரதம் எதையும் தருவதில்லை. இடது செல்லில் மட்டும் உருவாகி, காக்-1 என்ற மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வோடு ஒட்டி, அது புரதமாக மாறாதபடி தடுக்கிறது. காக்-1 இருந்தால் அது வலது செல்; காக்-1 தடுக்கப்பட்டால் இடது செல். எல்எஸ்ஒய்-6 பழுதான புழுவில் இரண்டு பக்கமும் வலது செல்லாகவே ஆகிவிடுகிறது.

சரி, எல்எஸ்ஒய்-6 மட்டும் இடதில் ஏன்? விடை வெகு தொலைவில், நான்கு செல் கருநிலையில் இருக்கிறது. அப்போதே இந்த இரண்டு உப்புச் செல்களின் மூதாதையர் பிரிந்துவிடுகிறார்கள். வலது செல்லின் மூதாதை தன் பக்கத்துச் செல்லிடமிருந்து நாட்ச் எனப்படும் சமிக்ஞையைப் பெறுகிறது. அதன் விளைவாக அந்த வம்சத்தில் டிபிஎக்ஸ்-37, டிபிஎக்ஸ்-38 என்ற இரண்டு காரணிகள் இயங்காமல் தடுக்கப்படுகின்றன. தடையில்லாத இடது வம்சத்தில் அவை சிறிது நேரமே தோன்றி, எல்எஸ்ஒய்-6 இருக்கும் பகுதியின் குரோமாட்டினை, அதாவது டி.என்.ஏ.வும் அது சுற்றியிருக்கும் புரதங்களும் சேர்ந்த பொதியைத் தளர்த்திவிட்டு மறைந்துபோகின்றன. அதன் பிறகு செல் பல முறை பிரிகிறது. தளர்ந்த நிலை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. கடைசியில் சிஎச்இ-1 இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வரும்போது, தளர்ந்திருக்கும் இடது பக்கத்தில் மட்டும் எல்எஸ்ஒய்-6ஐ முழு அளவில் இயக்க முடிகிறது. ஒரே காரணி, இரண்டு முடிவுகள். நடுவில் இருப்பது செல்லின் கடந்த காலம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். இதை விளங்கிக்கொள்ளாமல் 'காரணி வருகிறது, மரபணு இயங்குகிறது' என்று எழுதும் விடைத்தாள்களுக்கு முழு மதிப்பெண் போட எனக்கு மனம் வருவதில்லை.

இயக்கு நரம்புகளிலும் இதே போக்குதான். விஏ என்ற வகைச் செல்கள் பின்னோக்கி நகர்வதற்கும், விபி என்ற வகை முன்னோக்கி நகர்வதற்கும் உரியவை. விஏ செல்களில் அன்க்-4 என்ற காரணி, அன்க்-37 என்ற துணையோடு, விபி செல்லுக்குரிய மரபணுக்களைத் தடுத்து வைத்திருக்கிறது. அன்க்-4 பழுதானால் விஏ செல்கள் விபி செல்லுக்கு வர வேண்டிய இணைப்புகளைப் பெற்றுவிடுகின்றன. புழு முன்னால் நன்றாகப் போகும், பின்னால் போக முடியாது. இன்னொரு பக்கம், தசையைத் தளர்த்தும் காபா என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தும் டிடி, விடி செல்களுக்கு அன்க்-30 இறுதித் தேர்வி. காபாவைத் தயாரிக்கும் நொதியின் மரபணுவையும், அதைச் சிறு பைகளில் ஏற்றும் புரதத்தின் மரபணுவையும் அதுவே நேரடியாக இயக்குகிறது.

நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். முட்டையிலிருந்து வெளிவரும்போது ஆறு டிடி செல்களும் வயிற்றுப் பக்கத் தசைகளோடு இணைந்திருக்கின்றன. முதல் இளம்புழு நிலையின் முடிவில் அந்த இணைப்புகளைக் கலைத்துவிட்டு முதுகுப் பக்கத்தில் புதிதாகப் போட்டுக்கொள்கின்றன. எப்போது மாற வேண்டும் என்பதில் லின்-14 என்ற மரபணுவுக்குப் பங்கு உண்டு. அது பழுதானால் மாற்றம் முன்கூட்டியே நடந்துவிடுகிறது. அந்த லின்-14ஐக் கட்டுப்படுத்துவது லின்-4. விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் 1993ல் வெளியிட்ட முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ. இதுதான், நீளம் வெறும் 22 எழுத்துகள். இதற்காக 2024ல் நோபல் பரிசு பெற்றார்கள். 1993ல் பலரும் இதைப் புழுவுக்கு மட்டுமே உரிய விநோதம் என்று ஒதுக்கினார்கள்.

படியெடுத்த பிறகு நடக்கும் வெட்டி ஒட்டலும் உண்டு: மெக்-8 என்ற புரதம் மெக்-2 மரபணுவின் ஆர்.என்.ஏ.வைத் தொடுகைச் செல்லுக்கு ஏற்றபடி வெட்டித் தருகிறது. இதை விரித்தால் தனிப் பாடமாகிவிடும்.

இப்போது இரண்டாவது கேள்வி: முடிவு ஒரே முறை எடுக்கப்படுவதா? இல்லை. வளர்ந்து முடித்து, இனி பிரியவே போகாத உப்புச் செல்லிலிருந்து சிஎச்இ-1ஐ நீக்கிப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் செல் தன் உப்புச் செல் மரபணுக்களை இழந்துவிடுகிறது. நரம்புச் செல் என்பது ஒருமுறை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவைக்கும் பட்டமல்ல, ஆயுள் முழுக்க இயக்கிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை. சிஎச்இ-1, மெக்-3 இரண்டும் தம்மைத்தாமே இயக்கிக்கொள்வது இதற்காகத்தான். தொடங்கிவைத்த கருநிலைக் காரணிகள் போய்விட்டாலும் இந்தச் சுழற்சி நிற்பதில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் சோதித்தார்கள். சிஎச்இ-1ஐ எல்லாச் செல்களிலும் வலிந்து உருவாக்கினால், எல்லாம் உப்புச் செல்லாகிவிடுமா? ஆவதில்லை. முதிர்ந்த புழுவில் பெரும்பாலான செல்கள் அசைந்துகொடுப்பதில்லை. 2011ல் லின்-53 என்ற, ஹிஸ்டோன்களோடு (டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதங்கள்) வேலை செய்யும் புரதத்தைக் குறைத்துவிட்டு இதையே திரும்பச் செய்தார்கள். இனப்பெருக்க உறுப்பில் முட்டையாகவோ விந்தாகவோ ஆக வேண்டிய செல்கள் சில நரம்புச் செல்களாக மாறின. உப்புச் செல்லின் மரபணுக்களை இயக்கின, நரம்பிழை நீட்டின. சிஎச்இ-1க்குப் பதிலாக அன்க்-30ஐக் கொடுத்தபோது காபா வகைச் செல்லின் குணங்கள் வந்தன. எந்த வகை என்பதைக் காரணி சொல்கிறது. மாறலாமா கூடாதா என்பதைத் தடை சொல்கிறது. 'பாதி வேலை தடுப்பதுதான்' என்று தலைப்பில் எழுதியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

118 வகைகளுக்கும் 118 தலைமைக் காரணிகள் தேவைப்படுவதில்லை. டி.என்.ஏ.வோடு ஒட்டும் பகுதி ஒரே மாதிரி அமைந்த ஹோமியோபாக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த காரணிகள் எந்தெந்த நரம்புச் செல்லில் இருக்கின்றன என்று 2020ல் முழுமையாகப் பார்த்தபோது, ஒவ்வொரு வகைக்கும் ஒரு தனிச் சேர்க்கை இருப்பது தெரிந்தது. அன்க்-86, மெக்-3, அன்க்-30, அன்க்-4 எல்லாமே இந்தக் குடும்பம்தான். புழுவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வீட்டில் கேட்டால், அன்க்-86க்கு மனிதரில் உறவான பிஓயு4எஃப்3 என்ற மரபணு பழுதானால் பரம்பரையாகச் செவித்திறன் குறைகிறது என்று சொல்லுங்கள். அங்கே பாதிக்கப்படும் காதுச் செல்லும் அதிர்வை உணரும் செல்தான்.

இனி செய்முறை. நிச்சயம் செய்யலாம். தேவையானவை ஒரு பிரிப்பு நுண்நோக்கி, அகார் தட்டுகள், அவற்றில் உணவாக ஓபி50 என்ற ஈ. கோலை பாக்டீரியா, புருவ முடி. பெரிய சிக்கல் வெயில். இந்தப் புழு 20 டிகிரியில் சுகமாக இருக்கும். 25ஐத் தாண்டினால் முட்டை குறையும். 27 வாக்கில் மலடாகிவிடும். கடலூரில் கத்திரி வெயிலில் மேசைமேல் வைத்தால் அடுத்த தலைமுறையைப் பார்க்க மாட்டீர்கள். குளிர் இன்குபேட்டர் இல்லையென்றால் ஒயின் பாட்டில்களை வைக்கும் சிறு குளிர்பெட்டி போதும். வெளிநாட்டு ஆய்வகங்களிலும் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். புதுச்சேரியில் அதை விசாரித்தால் யாரும் வியப்படைய மாட்டார்கள். மின்வெட்டு நேரத்துக்குத் தெர்மாகோல் பெட்டியும் பனிக்கட்டிப் பைகளும் வைத்துக்கொள்ளுங்கள்.

பண்ருட்டிப் பலாச் சக்கை அழுகிக் கிடக்கும் இடத்தில் உருளைப்புழுக்கள் தாராளமாகக் கிடைக்குமே, அவை போதாதா என்று தோன்றலாம். பழகிக்கொள்ள நல்லதுதான். ஆனால் வெப்பமான இடங்களில் சிக்குபவை பெரும்பாலும் வேறு இனங்கள். நெருங்கிய உறவான சி. பிரிக்சேயின் புகழ்பெற்ற ஆய்வக வகை ஒன்று அகமதாபாத் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. உங்களுக்கு வேண்டியவை சடுதிமாற்றப் புழுக்கள். அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருக்கும் சேமிப்பு மையம் உலகம் முழுவதற்கும் அனுப்புகிறது. அதற்கு முன் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களில் இந்தப் புழுவை வைத்து ஆய்வு செய்பவர்களுக்கு உங்கள் பேராசிரியர் வழியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள்.

நான்கு வகைகள் கேளுங்கள்: இயல்பான புழு, மெக்-3 பழுதானது, அன்க்-4 பழுதானது, அன்க்-30 பழுதானது. எல்லாவற்றையும் ஒரே புருவ முடியால் தலைப்பக்கம் வருடுங்கள். இயல்பான புழு பின்வாங்கும். மெக்-3 புழு உணராது. ஆனால் யாரும் தொடாதபோதும் தட்டில் தானாக ஊர்ந்து நகரும், ஆகவே அதற்கு வாதமில்லை என்று உறுதியாகும். அன்க்-4 புழு உணரும், பின்வாங்க முயலும், முடியாமல் சுருண்டுகொள்ளும். அன்க்-30 புழுவில் இரண்டு பக்கத் தசைகளும் ஒன்றாக இறுகி, உடல் நீளவாக்கில் குறுகும். ஒவ்வொன்றிலும் கெட்டிருப்பது படியெடுப்புக் காரணி ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு வகையிலும் பத்துப் புழுக்களையாவது, எது எந்த வகை என்று தெரியாமல் இன்னொருவர் தட்டுகளை மாற்றிவைத்த பிறகு சோதியுங்கள். தெரிந்துகொண்டு வருடினால் கை தானாகவே அழுத்தம் கூட்டும்.

ஐந்தாவதாக மெக்-4 கிடைத்தால், மெக்-3க்கும் அதற்கும் முடிச் சோதனையில் வேறுபாடு தெரியாது. ஒன்றில் ஆணை இல்லை, மற்றதில் கருவியின் பாகம் இல்லை. இரண்டும் வெளியில் ஒரே ஊமைத்தனம். பிரித்தறிய ஒளிரும் புரதம் வேண்டும். 1994ல் சால்ஃபி மெக்-7 முன்னியக்கியோடு பச்சை ஒளிர் புரதத்தை இணைத்துத் தொடுகைச் செல்களை ஒளிரவைத்தார். 2008ல் கிடைத்த வேதியியல் நோபலில் அவர் பங்கு அதற்காகத்தான். அந்தப் புழுவில் மெக்-4 பழுதானாலும் தொடுகைச் செல்கள் பச்சையாக ஒளிரும். மெக்-3 பழுதானால் அந்த ஒளி பெரும்பாலும் இருக்காது. இதற்கு ஒளிர் நுண்நோக்கி தேவை. காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலோ சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ ஒரு பிற்பகலுக்கு அனுமதி கேட்டுப் பாருங்கள். புழுக்களை முந்தைய நாளே புதிய தட்டுக்கு மாற்றி, குளிர்ச்சியான பெட்டியில் வைத்து, காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிடுங்கள்.